எபாக்சிக்கு எந்த நானோகுழாய்: ஒற்றைச்சுவரா, பலசுவரா?

நிலைமின்சாரம் தேங்காத எபாக்சிப் பூச்சு (எபாக்சி என்பது கெட்டியாக இறுகும் பிசின்) ஒன்று செய்ய வேண்டியிருந்தது. அதற்கு மின்சாரம் கடத்தும் பொருள் ஒன்றைப் பிசினில் கலக்க வேண்டும். கார்பன் அணு வலை சுருண்டாற்போன்ற நுண்குழாய்தான் கார்பன் நானோகுழாய்; ஒரே சுவர் இருந்தால் ஒற்றைச்சுவர், ஒன்றுக்குள் ஒன்றாகப் பல இருந்தால் பலசுவர். ஒற்றைச்சுவர் கார்பன் நானோகுழாய், பலசுவர்க் குழாய் இரண்டையும் கலந்து பார்த்துவிட்டுக் கடைசியில் பலசுவரையே வைத்துக்கொண்டேன்.

பண்புகளை மட்டும் பார்த்தால் ஒற்றைச்சுவருக்கே முதலிடம். விட்டம் 1 - 2 நானோமீட்டர்தான். அதனால் மிகச் சிறிய அளவு போட்டாலே பிசினுக்குள் மின்பாதை அமைய வேண்டும். டிரான்சிஸ்டர் செய்பவர்களுக்கு வேறு வழியும் கிடையாது. 2019-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 14,000-க்கும் மேற்பட்ட நானோகுழாய் டிரான்சிஸ்டர்களை வைத்து நுண்செயலிச் சில்லு செய்தார்களே, அந்த மாதிரி வேலைக்குப் பலசுவர் போட்டிக்கே வராது.

பூச்சு வேலை வேறு. இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது, குழாய்களைப் பிரித்துப் பிசினில் பரப்புவதுதான். நானோகுழாய்கள் வாண்டர்வால்ஸ் விசையால் (மூலக்கூறுகளுக்கு இடையிலான மெல்லிய ஈர்ப்பு) ஒன்றோடொன்று ஒட்டிக் கற்றையாகிவிடும். மெல்லிய ஒற்றைச்சுவரில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். இரண்டையும் தனித்தனியே கரைப்பானில் போட்டு, கற்றைகளைப் பிரிக்க மீயொலி அதிர்வில் வைத்து எடுத்தபோது இரண்டு குடுவைகளிலும் ஒரே கருமைதான். மறுநாள் காலை ஒற்றைச்சுவர்க் குடுவையில் மேலே கரைப்பான் தெளிந்து நின்றது, அடியில் கரிப்பிசிறுகள். பலசுவர்க் குடுவை மை போல அப்படியே இருந்தது. சரி, இன்னும் கொஞ்ச நேரம் மீயொலியில் விடலாமே என்றால், குழாய்கள் ஒடிந்து குட்டையாகும். குட்டையானால் மின்பாதை அமைய இன்னும் அதிகம் போட வேண்டும்.

அப்புறம் அமிலப் பதப்படுத்தல். நைட்ரிக், சல்ஃப்யூரிக் அமிலக் கலவையில் ஊறவைத்தால் சுவரில் கார்பாக்சில் தொகுதிகள் (ஆக்சிஜன் கொண்ட அணுக்கூட்டங்கள்) ஏறி, குழாய் கரைப்பானோடு நன்றாகச் சேரும். ஆனால் தொகுதி ஏறும் இடத்தில் எல்லாம் கார்பன் வலை கெடுகிறது. ஒற்றைச்சுவருக்கு இருப்பதே அந்த ஒரு சுவர்தான். கடத்துதிறன் சட்டென்று விழும். பலசுவரில் அடி வாங்குவது வெளிச்சுவர், உள்ளே இருப்பவை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். நான் பலசுவர் பக்கம் சாய்ந்தது இதனால்தான். மெல்லிய பூச்சு தவிர வேறெதிலும் நான் இதைச் சோதித்ததில்லை. பேட்டரி மின்முனைக்குக் கணக்கு மாறலாம்.

பலசுவரை எடுப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மிட்சுயி-7 என்ற விறைப்பான பலசுவர் வகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ள 2பி பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வைத்திருக்கிறது. மூச்சில் போகும் தூள்தான் ஆபத்து. அதனால் நான் இப்போது தூளாக வாங்குவதில்லை. பிசினில் முன்பே கலந்து பசையாக வருவதையே எடுக்கிறேன். பூச்சு காய்ந்தபின் தேய்க்க நேர்ந்தால் ஈரம் வைத்துத்தான் தேய்க்கிறேன்.