ஓசூர், தர்மபுரி வீடுகளில் செல்லமாக வளர்க்க எந்தப் பல்லி ஒத்துவரும்?

குணத்தில் முதலிடம் பியர்டட் டிராகனுக்கே (கழுத்தில் தாடி போன்ற தோல் உள்ள பல்லி). கையில் ஏறி நிதானமாக உட்காரும். தாடி கறுத்து உப்பினால் மிரண்டிருக்கிறது என்று அர்த்தம், உடனே விட்டுவிடுங்கள். ஆனால் ஓசூரின் மார்கழிக் குளிரில் அசையாமல் கிடந்தால் அதைச் சாது என்று எண்ணிவிடக் கூடாது. உடல் சூடேறவில்லை, தின்ற பூச்சியும் செரிக்காது. வெயில் காயும் இடத்தில் 38 முதல் 42 டிகிரி செல்சியஸ், எதிர் மூலையில் 30-க்குள், கூடவே யுவிபி (புற ஊதா-பி கதிர்) விளக்கு வேண்டும். தர்மபுரியின் சித்திரையில் சிக்கல் தலைகீழ்: குளிர்ந்த மூலையைக் காப்பதுதான் பெரும்பாடு.

லெப்பர்ட் கெக்கோ என்ற புள்ளிப் பல்லியும் சாதுதான், அந்தியில்தான் சுறுசுறுப்பாகும். மேலிருந்து பிடித்தால் மிரண்டு வாலையே கழற்றிவிடக்கூடும். உள்ளங்கையைத் தரையோடு நீட்டி, அதுவாக ஏற விடுங்கள். வால் மறுபடி வளரும், பழைய வடிவம் வராது.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இகுவானா என்ற பெரிய பல்லியைப் பரிந்துரைக்கவே மாட்டோம். கடையில் ஒரு சாண் குட்டி, வளர்ந்தால் ஐந்தடி. இனப்பெருக்கக் காலத்தில் நன்றாகப் பழகிய ஆண்கூட வாலால் விளாசும், கடிக்கும். சைட்டிஸ் (உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் இருப்பதால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு கட்டாயம். கடைக்காரர் ஆவணம் தராவிட்டால் வாங்காதீர்கள். நம் ஊர் உடும்பைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.