ஸ்லீப்பிலிருந்து எழாத லேப்டாப்பா? மதர்போர்டு போய்விட்டது என்று சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள்

மாற்றாத மதர்போர்டுக்கு என்னிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள். இதே கோளாறோடு சர்வீஸ் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

கோளாறு இதுதான். லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால் திரை கறுப்பாகவே இருக்கும். ஃபேன் ஓடும், பவர் விளக்கு எரியும், எந்தக் கீயை அழுத்தினாலும் படம் வராது. பவர் பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்து அணைத்து மறுபடி போட்டால் விண்டோஸ் வழக்கம்போல வந்துவிடும். சேமிக்காத வேலை மட்டும் போயிருக்கும். ஸ்லீப்புக்குப் போகாதவரை நாள் முழுக்க எந்தத் தொந்தரவும் இல்லை.

கடையில் இருந்தவர் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தார், அவ்வளவுதான். "போர்டு போயிருச்சு மேடம், மாத்தினாத்தான் ஆகும்" என்றார். டிஸ்ப்ளே டிரைவர், அதாவது திரையில் படம் காட்டும் கிராஃபிக்ஸ் பாகத்தை இயக்கும் சாஃப்ட்வேர், பிரச்சினையாக இருக்குமா என்று கேட்டேன். "சாஃப்ட்வேர்னா விண்டோஸே வந்திருக்காது" என்று பதில் வந்தது. இது முழுப் பொய். வழக்கமான ஸ்லீப்பில் இருக்கும்போது ராமுக்கு மட்டும் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும், மற்றவை ஏறக்குறைய எல்லாமே அணைந்திருக்கும். எழும்போது ஒவ்வொரு பாகத்தையும் அதனதன் டிரைவர்தான் மறுபடி இயக்க வேண்டும். கிராஃபிக்ஸ் டிரைவர் அந்த இடத்தில் சொதப்பினால், கணினி விழித்துக்கொண்டாலும் திரை மட்டும் கறுப்பாக நிற்கும். புதிதாக ஆன் செய்யும்போது அதே டிரைவர் ஒழுங்காக வேலை செய்யும்.

பில்லில் 'மதர்போர்டு மாற்றம்' என்றே எழுதிக் கொடுத்தார்கள். பழைய போர்டைக் கேட்டதற்கு, "கம்பெனிக்கு ரிட்டர்ன் அனுப்பிட்டோம்" என்றார்கள். வீட்டுக்கு வந்து மூடித் திறந்தேன். அதே கறுப்புத் திரை.

போர்டை மாற்றவே இல்லை என்பது எப்படித் தெரிந்தது என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். என் லேப்டாப்பில் பிட்லாக்கர் போட்டிருக்கிறேன், டிஸ்க்கில் உள்ள தரவைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி அது. அதன் சாவி அந்த லேப்டாப்பின் டிபிஎம் பாதுகாப்புச் சிப்போடு பிணைந்திருக்கும். போர்டு மாறினால் டிபிஎம்மும் மாறும். அப்போது விண்டோஸ் திறக்கும் முன்பே 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். என்னிடம் அந்த எண்ணைக் கடையில் யாரும் கேட்கவில்லை. என் கடவுச்சொல்லையும் நான் கொடுக்கவில்லை, அதனால் பிட்லாக்கரை அவர்கள் நிறுத்தி வைத்திருக்கவும் முடியாது. வீட்டில் ஆன் செய்தபோது எதுவும் கேட்காமல் நேராக உள்ளே போனது. அப்போதே சந்தேகம் வந்துவிட்டது.

அப்புறம் ரவுட்டரைப் பார்த்தேன். இந்த லேப்டாப்பின் ஈதர்நெட் போர்ட்டுக்கு (நெட்வொர்க் கேபிள் செருகும் இடம்) ஒரு நிலையான ஐபி முகவரி ஒதுக்கி வைத்திருந்தேன். அது மேக் (MAC) முகவரியை, அதாவது நெட்வொர்க் பாகத்துக்கு உரிய தனி அடையாள எண்ணை, வைத்து ஒதுக்கப்படுவது. அந்தப் போர்ட் மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. கேபிளைச் செருகினேன், அதே மேக் முகவரி, அதே ஐபி. ஒரு எழுத்துகூட மாறவில்லை. இரண்டு தடயமும் ஒன்றையே சொல்கின்றன: பழைய போர்டு அது இருந்த இடத்திலேயே இருக்கிறது.

உண்மையான காரணத்தை நானே தேடினேன். கறுப்புத் திரை நிற்கும்போது கேப்ஸ் லாக்கைத் தட்டினேன், அதன் விளக்கு எரிந்து அணைந்தது. கணினி விழித்திருக்கிறது என்று அர்த்தம். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும். அழுத்தினேன், ஒரு பீப் சத்தத்தோடு திரை வந்துவிட்டது! விண்டோஸ் தன்னில் நடப்பதைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளிலும் அதுதான் இருந்தது: 42 என்ற பதிவு, அதாவது ஸ்லீப்புக்குப் போனது, அதன் பின் 107, எழுந்தது. பவர் பட்டனை அழுத்தி அணைத்த நேரங்களில் மட்டும் அடுத்ததாக 41, முறையாக மூடப்படாமல் மறுபடி தொடங்கியது. பல புது லேப்டாப்களில் ஸ்லீப் வேறு விதமாக நடக்கும். அவற்றில் 506, 507 என்ற எண்களைத் தேடுங்கள்.

கோளாறு தொடங்குவதற்குச் சற்று முன்புதான் கிராஃபிக்ஸ் டிரைவர் அப்டேட் ஆகியிருந்தது. டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரைத் திறந்து, டிரைவர் பக்கத்தில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் ஒழுங்காக எழுகிறது. அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால், லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து பழைய பதிப்பை இறக்கிப் போடலாம்.

எல்லாருக்கும் காரணம் இதுவாகவே இருக்காது. வெளியிலிருந்து இணைத்த கீபோர்டோ மவுஸோ எழுப்பவில்லை, ஆனால் பவர் பட்டன் எழுப்புகிறது என்றால், டிவைஸ் மேனேஜரில் அந்தக் கருவியின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் கணினியை எழுப்பும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். வெளி மானிட்டர் மட்டும் கறுப்பாக இருந்தால் அதன் பவரை அணைத்துப் போட்டுப் பாருங்கள். பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், போர்டில் உள்ள சாஃப்ட்வேர்) அப்டேட்டில் சரியாகிற கேஸ்களும் உண்டு. ஹார்டுவேர் கோளாறே வராது என்று நான் சொல்லவில்லை. கேப்ஸ் லாக் விளக்கும் அசையவில்லை, பதிவில் 107 இல்லை, புதிதாக ஆன் செய்யும்போதும் தடுமாறுகிறது என்றால் போர்டையோ ராமையோ சந்தேகப்படலாம். அப்போதும் என்ன சோதனை செய்து கண்டுபிடித்தார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லாதவரிடம் லேப்டாப்பைக் கொடுக்க வேண்டாம்.

கொடுத்தே ஆக வேண்டும் என்றால், முதலில் பைல்களை வேறு இடத்தில் நகலெடுத்து வையுங்கள். பிட்லாக்கர் மீட்பு எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், உண்மையிலேயே போர்டு மாறினால் அது இல்லாமல் உங்கள் தரவு உங்களுக்கே திறக்காது. ஈதர்நெட் மேக் முகவரி, ராம் அளவு, எஸ்எஸ்டியின் சீரியல் எண் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பாகம் திரும்ப வேண்டும் என்பதை வேலை தொடங்கும் முன்பே, அவர்கள் தரும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

கடைக்குத் திரும்பிப் போய் இரண்டு தடயத்தையும் காட்டிப் பணத்தைக் கேட்டேன். "டெக்னீஷியன்கிட்ட கேட்டுச் சொல்றோம்" என்றார்கள், இன்னும் சொல்லவில்லை. பில், ரவுட்டர் பக்கத்தின் படம், ஈவென்ட் வியூவர் பதிவுகள் எல்லாவற்றையும் சேர்த்து நுகர்வோர் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன்.