நூலக வண்டியா, சாம்பார் வாளியா, திண்ணை டியூஷனா: காரைக்குடி மாணவர்களுக்கு ஒரு கூலிக்கணக்கு

காரைக்குடியில் தங்கிப் படிக்கிற பிள்ளைக்குக் கைச்செலவுக்குச் சம்பாதிக்க முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. கல்லூரிக்குள்ளேயே நூலகத்திலோ ஆய்வகத்திலோ இரண்டு மணி நேர வேலை. முகூர்த்த நாளில் பந்திச் சப்ளை. சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன். “எதில் காசு அதிகம்?” என்றுதான் முதலாமாண்டுப் பிள்ளைகள் எல்லோரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது வேறு. இது எந்த மாதம், நம்மிடம் உண்மையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்ற இரண்டும்தான் எந்த வேலை என்பதை முடிவு செய்கின்றன.

முதலில் எவ்வளவு துண்டு விழுகிறது என்று பாருங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்து வந்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. பெண் பிள்ளைகளுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் கிடையாது. இவை போக ஜெராக்ஸ், ரெக்கார்டு நோட்டு, ரீசார்ஜ், சோப்பு, ஊருக்குப் போக பஸ் கட்டணம் என்று எழுதிக் கூட்டினால் பலருக்கு மாதம் 2,000க்குள் நிற்கும். 2,000 ரூபாய்ப் பள்ளத்தை மூட 6,000 ரூபாய் வேலையைத் தலையில் ஏற்றிக்கொள்கிறவர்கள்தான் நவம்பரில் அரியர் வைக்கிறார்கள்.

பேசிய கூலியும் கைக்கு வரும் கூலியும்

கீழே உள்ள தொகைகள் கணக்குக் காட்டுவதற்காக வைத்தவை. உங்களுக்குப் பேசப்பட்ட தொகையைப் போட்டு இதே மாதிரி வகுத்துப் பாருங்கள்.

நூலகத்தில் மணிக்கு 50 ரூபாய், தினம் 2 மணி நேரம், மாதம் 20 நாள் என்றால் 2,000 ரூபாய். வகுப்பு முடிந்து அப்படியே நடந்து போகிற இடம் என்பதால் போக்குவரத்து நேரம் இல்லை. ஆகவே 50 என்றால் 50தான்.

பந்தியில் ஒரு நாளைக்கு 700 பேசியிருக்கிறார்கள் என்று வையுங்கள். காலை 3.30க்கு வேன் வரும். காலைப் பலகாரப் பந்தி, மதியச் சாப்பாடு, இலை எடுத்து, வாளி கழுவிக் கொடுத்துவிட்டு அறைக்குத் திரும்ப மாலை 4 மணி. பன்னிரண்டரை மணி நேரத்துக்கு 700 என்றால் மணிக்கு 56 ரூபாய். இதில் முந்தின இரவு கெட்ட தூக்கம் சேரவில்லை.

டியூஷனில் 5 பிள்ளைகள், தலைக்கு 500, மொத்தம் 2,500. மாதம் 22 நாள், தினம் ஒன்றரை மணி என்றால் மணிக்கு 75க்கு மேல் வருகிறது. ஆனால் நடந்து போய் வருவதற்கும், எட்டாம் வகுப்புக் கணக்கை நாமே ஒருமுறை போட்டுப் பார்ப்பதற்கும் தினம் அரை மணி சேர்த்தால் 44 மணி நேரம். 57 ரூபாய்க்கு இறங்கிவிடும்.

கடைசியில் மூன்றும் ஒரே தெருவில்தான் வந்து நிற்கின்றன. வித்தியாசம் காசு எப்போது கைக்கு வரும், எதை இழந்து வரும் என்பதில் இருக்கிறது.

நூலக வேலை

காசு தாமதமாக வரும் என்பதுதான் இதன் பெரிய குறை. வருகைக் கையெழுத்து, துறைத்தலைவர் கையெழுத்து, அலுவலகப் பில், பிறகு வங்கி என்று நாலு படி ஏற வேண்டும். முதல் மாதச் சம்பளம் மூன்றாம் மாதம் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். தாமதத்துக்குப் பாதிக் காரணம் மாணவர்கள் பக்கத்திலும் உண்டு. பாஸ்புக்கில் இனிஷியல் பெயருக்கு முன்னால், ஆதாரில் பின்னால், கல்லூரி அடையாள அட்டையில் அப்பா பெயர் முழுதாக என்று மூன்று விதமாக இருந்தால் பில் திரும்பி வரும். வேலைக்குச் சேரும் நாளிலேயே பாஸ்புக் முதல் பக்கத்தின் நகலைக் கொடுத்து, எந்தப் பெயரில் பில் போடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்ட பக்கத்தை மாதக் கடைசியில் போனில் படம் எடுத்து வைப்பதும் நல்லது.

வேலை சுலபம் என்று நினைப்பார்கள். திரும்பி வந்த புத்தகத்தை அடுக்குவதில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். டூயி தசம முறையில் (பாடப்பொருளுக்கு ஓர் எண் என்று கொடுத்து) அடுக்கும் நூலகத்தில் முதுகுச் சீட்டில் உள்ள எண்ணைச் சாதாரண எண்ணாகப் படித்தால் தவறு வரும். உதாரணமாக 541.28 குவாண்டம் வேதியியல், 541.3 இயற்பியல் வேதியியல், 541.37 மின்வேதியியல். புதிதாக வருகிறவர் 28 பெரியது, 3 சிறியது என்று எண்ணி 541.3ஐ முன்னால் வைத்துவிடுவார். புள்ளிக்குப் பின்னால் ஒவ்வோர் இலக்கமாகப் பார்க்க வேண்டும்: 2 முதலில், 3 அடுத்து. அதனால் 541.28, 541.3, 541.37 என்பதே சரியான வரிசை. சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிற ஊரில் மின்வேதியியல் புத்தகம் தேடி வருகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. இடம் மாறிய ஒரு புத்தகம் அலமாரியில் இருந்தும் தொலைந்த புத்தகம்தான். தமிழ் இலக்கியம் 894.811இல் தொடங்கும், தமிழ்மொழி 494.811. முதல் இலக்கத்தை அவசரத்தில் படித்தால் இலக்கணம் கவிதை வரிசைக்குப் போய்விடும்.

செய்முறை இதுதான்: தள்ளுவண்டியிலேயே முதலில் எண்ணைப் பார்த்து 400 வரிசை, 500 வரிசை என்று பிரியுங்கள், பிறகு முழு எண், பிறகு தசமம், கடைசியில் ஆசிரியர் எழுத்து. அலமாரி முன்னால் நின்று பிரித்தால் ஒரு வண்டிக்கு இரட்டிப்பு நேரம் ஆகும்.

துறை அலுவலகத்தில் கணினியில் பதிவு செய்யும் வேலையும் கிடைக்கும். அதில் ஒரே எச்சரிக்கை: அகமதிப்பீட்டு மதிப்பெண்ணைப் பதியச் சொல்லி ஆசிரியரின் கடவுச்சொல்லைக் கொடுத்தால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். “ஐயா, நான் வாசிக்கிறேன், நீங்க பதிஞ்சிடுங்க” என்றால் போதும். யாருடைய மதிப்பெண்ணில் பிழை வந்தாலும் பழி பதிந்தவர் மேல்தான் விழும்.

பந்திச் சப்ளை

காசு அன்றைக்கே வரும், சாப்பாடும் கிடைக்கும், வேலை உடனே கிடைக்கும். இந்த மூன்றுக்காகத்தான் பையன்கள் போகிறார்கள். செட்டிநாட்டுப் பந்தி ஏனோதானோவென்று பரிமாறுகிற இடமில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். கல்யாணமோ, அறுபதாம் கல்யாணம் போன்ற சாந்தியோ, வெளியூரிலிருந்தும் மலேசியா, சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வீட்டுப் பெரியவர் ஒருவர் பந்தி விசாரித்துக்கொண்டே வருவார். அவர் கண்ணுக்கு ஒரு காலி இலை தப்பாது.

இலையின் நுனி சாப்பிடுகிறவரின் இடக்கை பக்கம் இருக்க வேண்டும். உப்பு, ஊறுகாய், இனிப்பு, கூட்டு, பொரியல் எல்லாம் சோற்றுக்கு முன்பே இலையில் இருக்க வேண்டும். அப்பளத்தைச் சோற்றுக்குச் சற்று முன்னால்தான் வைக்க வேண்டும். ஆவி பட்டால் நமத்துப்போகும். பிறகு பருப்பு, நெய், சாம்பார், காரக்குழம்பு, ரசம், மோர் என்று போகும்.

வாளியை முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள். 4 லிட்டர் சாம்பார், 120 மில்லி கரண்டி என்றால் 33 இலைக்கு வரும். ஒரு வரிசைக்கு அது போதும். வாளி நிறைய 7 லிட்டர் தூக்கினால் இருபதாவது இலைக்குள் கை நடுங்கி, கரண்டி இலை விளிம்பில் இடித்து, சாம்பார் தரையில் சிந்தும். அங்கேதான் ஆபத்து. பழைய வீடுகளின் இரண்டாம் கட்டில் (வீட்டின் உள்பகுதியில்) ஆத்தங்குடிக் கல் பதித்திருப்பார்கள். கண்ணாடித் தட்டின் மேல் வார்த்து எடுப்பதால் வருகிற வழவழப்பு அது. காய்ந்திருக்கும்போது பாதத்துக்குச் சுகம், நெய்யோ ரசமோ பட்டால் சறுக்குமரம். வெறுங்காலோடு நடக்க வேண்டும், சிந்திய இடத்தில் உடனே துணி போட வேண்டும். “தம்பி, துணி!” என்று மேஸ்திரி கத்தும்வரை காத்திருக்கக் கூடாது.

அடுத்து வரும் தவறு அவசரம். முன்வரிசையில் இருக்கிற பையன்கள் சாம்பாரை முடித்துவிட்டார்கள் என்பதற்காக ரசத்தை எடுத்து ஓடுவது. கடைசி இலையில் உள்ள ஆச்சி அப்போதுதான் பருப்பைப் பிசைந்துகொண்டிருப்பார். “ஆச்சி, ரசம் ஊத்தவா?” என்று கேட்டு, சோற்றில் அவர் குழி செய்த பிறகு ஊற்றினால் இலையை விட்டு ஓடாது.

இதன் உண்மையான விலை வருகைப்பதிவு. 90 வேலை நாள் பருவத்துக்கு 75 சதவீதம் என்றால் 68 நாள் வந்தாக வேண்டும். கையில் 22 நாள்தான். காய்ச்சலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் வீட்டு விசேஷத்துக்கும் பத்துப் பன்னிரண்டு போய்விடும். முகூர்த்தங்களோ புதன், வியாழன், வெள்ளி என்று வார நாளிலும் விழும். ஆகவே பருவம் நடக்கும்போது ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். இரவுப் பந்தி என்றால் விடுதி வாசல் எத்தனை மணிக்கு மூடும் என்று பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள். கானாடுகாத்தான் பக்கம் 15 கி.மீ. அளவில் தள்ளி வேலை என்றால், திரும்பக் கொண்டுவந்து விடுவது யார் பொறுப்பு என்பதைக் கூலி பேசும்போதே பேச வேண்டும். பெண் பிள்ளைகள் சந்தனம், பன்னீர் கொடுக்கும் வரவேற்பு வேலைக்குப் போனால் இதுவே முதல் கேள்வி. அதற்கு நேரான பதில் வராத ஆளிடம் போகவே வேண்டாம்.

மெஸ் கணக்கையும் மறக்கக் கூடாது. மொத்தச் செலவை எல்லோருக்கும் பங்கிடும் விடுதியில், முன்கூட்டி எழுதிக் கொடுக்காமல் பந்தியில் சாப்பிட்டால் அன்றைய மெஸ் காசும் உங்கள் பேரில்தான் ஏறும்.

டியூஷன்

இது நிதானமாக முளைக்கும் வேலை. முதல் மாதம் ஒரு பிள்ளை, அது காலாண்டில் நல்ல மார்க் வாங்கினால் பக்கத்து வீட்டுப் பிள்ளை. ஐந்து சேர ஆறு மாதம் ஆகலாம். அதனால் இரண்டு வருடமாவது அதே தெருப் பக்கம் இருக்கப்போகிறவர்களுக்கே ஏற்றது. வீட்டுக்கு வீடு அலைவதைவிட ஒரே திண்ணையில் எல்லாரையும் உட்கார வைப்பது லாபம். செட்டிநாட்டுத் திண்ணைக்கு இடப்பஞ்சம் இல்லை. விளக்கும் கொசுவர்த்தியும் வீட்டுக்காரர் பொறுப்பு என்று முதலிலேயே சொல்லிவிடலாம். பணம் மாதத்தின் முதல் ஐந்து தேதிக்குள் என்று பேசாவிட்டால் “அடுத்த மாசம் சேர்த்துத் தாரேன் தம்பி” தொடங்கிவிடும். பத்தாம் வகுப்புப் பிள்ளையை டிசம்பருக்குப் பிறகு புதிதாக ஏற்பது தலைவலி. பொதுத்தேர்வுப் பதற்றம் பெற்றோரிடமிருந்து உங்களுக்கு ஏறும், அதே நேரத்தில்தான் உங்கள் அகத்தேர்வுகளும் இருக்கும்.

உணவு டெலிவரி நான்காவது வழி என்பார்கள். ஓட்டுநர் உரிமமும் சொந்த வண்டியும் உள்ளவர்களுக்கு மட்டும். பெட்ரோல், டயர், ஆயில் கழித்துப் பார்த்தால் பெரும்பாலும் வண்டியை விற்றுச் சாப்பிடுகிற கதை.

மாதத்தை வைத்து முடிவு

ஜூன் கடைசியில் பருவம் தொடங்கும்போது ஆனி முகூர்த்தங்கள் ஓடிக்கொண்டிருக்கும். ஆடியில் பந்தி வேலை படுத்துவிடும். அந்த இடைவெளியில் நூலகத்துக்கு விண்ணப்பம் போட்டுவிடுங்கள். ஆவணியில் கல்யாணக் கூட்டம் வந்த பிறகு கேட்டால் இடம் நிரம்பியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் முகூர்த்தமும் உண்டு, நவம்பர்ப் பருவத் தேர்வும் உண்டு. அங்கே பந்தியை விட்டுவிட வேண்டியதுதான். மார்கழியில் கல்யாணமே இல்லை. தை, மாசியில் ஞாயிறு மட்டும். பங்குனி, சித்திரையில் தேர்வு.

வைகாசிதான் பந்திக்கு உரிய காலம். கல்லூரி விடுமுறை, நூலக வேலை பெரும்பாலும் நின்றிருக்கும் (புத்தக இருப்பு சரிபார்க்க ஆள் கேட்டால் அதிர்ஷ்டம்), டியூஷன் பிள்ளைகள் பாட்டி வீட்டில். வருகைப்பதிவுக்குப் பயமில்லாமல் பத்து முகூர்த்தம் போனால் அடுத்த பருவத்தின் தேர்வுக் கட்டணமும் புத்தகமும் வந்துவிடும். விடுதி மூடியிருக்கும் என்பதால் தங்குமிடத்தை மட்டும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

போகிறபோது ஒரு வெள்ளைச் சட்டையைப் பந்திக்கென்றே ஒதுக்குங்கள். சாம்பார்க் கறையில் சோப்பு பட்டவுடன் சிவந்துபோகும். மஞ்சள் காரத்தில் நிறம் மாறுவதுதான், சட்டை வீணாகிவிடவில்லை. நன்றாக அலசி, ஈரத்தோடு உச்சி வெயிலில் இரண்டு நாள் போடுங்கள். மஞ்சள் கறை வெயில் வெளிச்சத்தில் தானே வெளுக்கும். நெய் பட்ட இடத்துக்குத்தான் பாத்திரம் கழுவும் சோப்பைத் தனியாகத் தேய்க்க வேண்டும். அதை வெயில் எடுக்காது.