ப்ரொபேஷனில் கர்ப்பம்: இ.எஸ்.ஐ.யா, கம்பெனி தரும் மகப்பேறு சம்பளமா?

2023 அக்டோபரில் என் கையில் இரண்டு ஆஃபர் லெட்டர் இருந்தன. திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனி, மாதம் 19,500 ரூபாய், இ.எஸ்.ஐ. (சம்பளத்தில் சந்தா பிடித்து மருத்துவ, மகப்பேறு உதவி தரும் அரசுக் காப்பீடு) உண்டு. கோவையில் நாற்பது பேர் வேலை செய்யும் அக்கவுண்ட்ஸ் ஆபீஸ், 24,000 ரூபாய். சம்பளம் 21,000-ஐத் தாண்டுவதால் அங்கே இ.எஸ்.ஐ. கிடையாது, மகப்பேறு நலச் சட்டப்படி கம்பெனிதான் பணம் தர வேண்டும். இரண்டிலும் ஆறு மாதம் ப்ரொபேஷன். அதே வாரம்தான் கர்ப்பம் உறுதியானது. பிரசவம் ஜூன் 10 வாக்கில் என்றார் டாக்டர்.

சம்பள வித்தியாசம் சொல்லாமலே தெரியும். விடுப்பும் இரண்டிலும் 26 வாரம்தான். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டது ஒரே விஷயத்துக்கு: மகப்பேறு பணம் கிடைக்க எந்த நாட்கள் கணக்கில் சேரும்?

இ.எஸ்.ஐ.யில் ஜனவரி முதல் ஜூன் வரை பிரசவம் என்றால், அதற்கு முந்தைய செப்டம்பரோடு முடிகிற இரண்டு அரையாண்டுகளில் 70 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். நவம்பரில் சேர்ந்து ஜூன் வரை மாதாமாதம் பிடித்தாலும் அந்தப் பிரசவத்துக்கு அது உதவாது. எனக்கு அதற்கு முன் இ.எஸ்.ஐ.யே இருந்ததில்லை. ஆக, பூஜ்ஜியம்.

கம்பெனி தரும் வழியில், பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த நிறுவனத்திலேயே 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். ப்ரொபேஷனா, பெர்மனென்டா என்று சட்டம் கேட்பதில்லை. தினக்கூலிப் பெண்களுக்கும் இது உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே டெல்லி மாநகராட்சி வழக்கில் சொல்லிவிட்டது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அந்த 80 நாள் அப்படியே இருக்கிறது.

கோவையில் நவம்பர் 6-ம் தேதி சேர்ந்தேன். சமையலறை காலண்டரில் வேலைக்குப் போன ஒவ்வொரு நாளையும் பென்சிலால் கோடு போட்டு வந்தேன். மார்ச் 4-ல் எண்பது ஆனது. அப்புறம்தான் ஹெச்.ஆரிடம் சொன்னேன். "ப்ரொபேஷன்ல மெட்டர்னிட்டி லீவ் இல்லைங்க, லெட்டர்லயே போட்டிருக்கோம்" என்றார். சட்டத்துக்கு முரணான ஒப்பந்தம் செல்லாது என்று மகப்பேறு நலச் சட்டத்தின் 27-வது பிரிவைக் காட்டி மெயில் போட்டேன். பத்து நாளில் ஒப்புக்கொண்டார்கள். ஏப்ரல் 15 முதல் விடுப்பு. பிரசவத்துக்கு முன் எட்டு வாரம்தான் எடுக்கலாம் என்பதால் அந்தத் தேதி.

இதில் பயமும் இருந்தது. நடுவில் பெட் ரெஸ்ட் சொல்லியிருந்தால் எண்பது எட்டியிருக்காது. நான் இரண்டாம் மாதத்திலேயே சேர்ந்ததால் சமாளித்தேன். ஆறாம் மாதத்தில் சேருகிறவருக்கு இதைத் தைரியமாகச் சொல்ல மாட்டேன்.

இ.எஸ்.ஐ. பணம் வாங்கிய அனுபவம் எனக்கு இல்லை, நாத்தனாருக்கு உண்டு. அவர் ஏற்கெனவே ஒரு வருஷம் சந்தா கட்டியவர். கம்பெனி மாறியும் அதே இன்சூரன்ஸ் நம்பர் தொடர்ந்ததால் பழைய நாட்களெல்லாம் கணக்கில் வந்தன. பணமும் நேராக அவருடைய வங்கிக் கணக்குக்கே வந்தது. அவர் நிலையில் இருந்திருந்தால் நானும் திருப்பூருக்குத்தான் போயிருப்பேன்.