அல்சூர் மாடியில் அகத்தி: விதை பாக்கெட்டும் சித்தாபுரா கன்றும்

பெங்களூரு அல்சூர் மார்க்கெட்டில் ஏகாதசியன்று அகத்திக்கீரை வரும், ஆனால் எட்டு மணிக்கு மேல் போனால் இருக்காது. அம்மா துவாதசிக்கு அகத்தி இல்லாமல் பாரணை பண்ண மாட்டார், அதாவது ஏகாதசி விரதத்தை முடிக்க மாட்டார். அதனால்தான் மாடியிலேயே வளர்க்கலாம் என்று இறங்கினேன்.

முதலில் ஆன்லைன் கடை ஒன்றில் அகத்தி என்று போட்டிருந்த விதை பாக்கெட் வாங்கினேன், 80 ரூபாய். ராத்திரி ஊறவைத்துப் போட்டதில் எல்லாமே முளைத்தது. ஐந்தாம் மாதம் பூத்தபோதுதான் விஷயம் தெரிந்தது, சின்னச் சின்ன மஞ்சள் பூ. அது சிற்றகத்தி, செம்பை என்றும் சொல்வார்கள். ஆடு மாடுகளுக்கு நல்ல தீவனம், மண்ணுக்கும் நல்லது, ஆனால் நாங்கள் சமைக்கிற அகத்தி அது இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், ஐந்து மாத உழைப்பு போனது போனதுதான், இன்னும் வருத்தம் இருக்கிறது. விதை வாங்குகிறவர்கள் பூ என்ன நிறம் என்று முதலில் கேளுங்கள். அகத்திப்பூ வெள்ளை அல்லது சிவப்பு, விரல் நீளத்துக்குப் பிறை மாதிரி வளைந்திருக்கும்.

அப்புறம் லால்பாக் பக்கத்தில் சித்தாபுரா நர்சரிகளுக்குப் போனேன். கன்னடத்தில் இதற்கு அகசே என்று பேர், ஆளி விதைக்கும் அதே பேர்தான் என்பதால் மரம் என்று சேர்த்துச் சொல்லிக் கேட்பது நல்லது. நான் வாங்கிய கடையில் பெரியவர் ஒருவர் நன்றாகத் தமிழ் பேசுகிறார். ஒன்றரை அடிக் கன்று 60 ரூபாய். கவரைப் பிரித்து வேரைக் காட்டினார், கடுகு கடுகாக முடிச்சுகள், ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. "இது இருந்தா யூரியாவே வேண்டாம்மா" என்றார். காற்றில் இருக்கிற தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துக் கொடுக்கிற பாக்டீரியா அந்த முடிச்சுக்குள்தான் இருக்கிறது, இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். விற்கிற கன்றின் வேரை இப்படித் திறந்து காட்டுகிற கடையை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை.

அவர் சொன்னபடி பாதியாக அறுத்த டிரம்மில் வைத்து, முழு வெயிலில் விட்டு, நெஞ்சு உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினேன், பக்கக் கிளைகள் வந்தன. கட்டை மென்மையானது, காற்றுக்கு ஒடியும், கம்பு ஊன்றிக் கட்டியே ஆக வேண்டும். கீரை பறிக்கும்போது மொட்டையடிக்காதீர்கள், கொஞ்சம் இலை விட்டுத்தான் பறிக்க வேண்டும், இல்லாவிட்டால் மரம் பட்டுப்போகும். இது வெப்ப நாட்டு மரம், கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற நம் ஊரின் மார்கழிக் குளிரில் வளர்ச்சி அப்படியே நின்றுவிட்டது. பயந்து தண்ணீரைக் கூட்ட வேண்டாம், மாசி வெயில் வந்ததும் தானாகத் துளிர்த்தது.

கடைக்கு ஐந்துக்கு நாலரை தருவேன். ரசீது கிடையாது, வீட்டுக்கு அனுப்புவதும் இல்லை, கன்றை மடியில் வைத்து ஆட்டோவில்தான் கொண்டுவந்தேன். செவ்வகத்தி இப்போது கைவசம் இல்லை, மழை பிடித்ததும் வரும் என்றார். எனக்கு ஒன்று எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.