உடையும் படம் வேறு, மங்கும் படம் வேறு: எச்டி டிடிஎச்சோடு ஐந்தரை வருடம்

2019 மே மாதக் கடைசி. உலகக் கோப்பை தொடங்க இன்னும் சில நாள்தான் இருந்தது. எங்கள் வீட்டுக்கு 43 அங்குல 4கே டிவி வந்தது. அதற்கு நான்கு நாள் முன்பே டிடிஎச் இணைப்பைச் சாதாரணத் தரமான எஸ்டியிலிருந்து உயர்தரமான எச்டிக்கு மாற்றி, புது செட்டாப் பாக்ஸும் வாங்கி வைத்திருந்தோம். முதல் மேட்ச்சிலேயே மனம் விட்டுப்போய்விட்டது. ஸ்கோர் எழுத்தின் ஓரமெல்லாம் பிசிறடித்தது. பந்து எல்லைக் கோட்டுக்கு ஓடும்போது புல்வெளி பச்சைச் சாந்து பூசியது போல ஆனது. பழைய குழாய் டிவியே தேவலாம் என்று அப்பா வாய்விட்டே சொன்னார்.

புகார் கொடுத்ததும் ஆள் வந்தார். மொட்டை மாடியில் ஏறி டிஷ் குடையைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தார். "சிக்னல் ஃபுல்லா இருக்கு அண்ணாச்சி, எச்டின்னா இப்படித்தான் வரும்" என்றார். விசிட் சார்ஜ் 250 ரூபாய். அடுத்த மாதம் வேறொருவர் வந்தார். பக்கத்து வீட்டு மாடி மறைக்கிறது, குடையை இடம் மாற்ற வேண்டும் என்றார். மாற்றினோம். படத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

மூன்றாவதாக வந்தவர் எங்கள் தெருவிலேயே கேபிள் காலத்திலிருந்து வேலை பார்க்கும் ஒரு பெரியவர். அவர் மாடிக்கே போகவில்லை. சோபாவில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் படத்தைப் பார்த்துவிட்டு, "படம் உடையுதா, மங்குதா? அதை முதல்ல சொல்லுங்க" என்றார். இந்த ஒரு கேள்வியை யாராவது முதல் நாளே கேட்டிருந்தால் இரண்டு மாத அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

டிஜிட்டல் ஒளிபரப்பு பழைய ஆண்டெனா மாதிரி கிடையாது. அந்தக் காலத்தில் சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி விழும், நிழல் விழும், கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். டிடிஎச்சில் பாக்ஸுக்குத் தேவையான அளவு சிக்னல் வந்துவிட்டால் படம் முழுமையாக வரும். அந்த அளவுக்குக் கீழே போனால் கட்டம் கட்டமாக உடையும், உறையும், கறுத்துப்போகும். சிக்னல் குறைவால் எச்டி படம் மங்கலாவது என்பது நடக்காது. எங்கள் வீட்டுப் படம் ஒரு தடவைகூட உடையவில்லை, மங்கலாகத்தான் இருந்தது. அப்படியென்றால் குடைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கோளாறு பாக்ஸுக்கும் டிவிக்கும் இடையில்.

அவர் ரிமோட்டை வாங்கி பாக்ஸின் செட்டிங்ஸுக்குள் போனார். வீடியோ அவுட்புட் 576பி என்று, அதாவது எஸ்டி அளவில் இருந்தது. புது பாக்ஸ் வந்த நான்கு நாளும் அதைப் பழைய டிவியில்தான் மாட்டியிருந்தோம். அப்போது வைத்த அமைப்பு அப்படியே நின்றுவிட்டது. எச்டி சேனல் வானத்திலிருந்து முழுசாக இறங்கி வருகிறது, பாக்ஸ் அதைச் சுருக்கி எஸ்டியாக டிவிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. எச்டி அளவான 1080ஐ (1080i) என்று மாற்றிய நொடியில் படம் பளிச்சென்று வந்தது. அப்பா எழுந்தே நின்றுவிட்டார்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. எஸ்டி படம் 720க்கு 576, அதாவது 4,14,720 புள்ளிகள். எச்டி 1920க்கு 1080, சரியாக அதன் ஐந்து மடங்கு. 4கே திரையில் இருப்பது எஸ்டியின் 20 மடங்கு. ஆக, எஸ்டி படத்தின் ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு அந்தத் திரை 20 புள்ளிகளை நிரப்ப வேண்டும். பழைய 21 அங்குல டிவியில் நன்றாகத் தெரிந்த சேனல் புது டிவியில் அசிங்கமாகத் தெரிய இதுதான் காரணம். டிவியைக் குறை சொல்லிப் பயனில்லை.

பாக்ஸில் 1080பி, அதாவது எல்லா வரியும் ஒன்றாக வரும் வகை என்ற தேர்வும் இருக்கலாம். நம் ஊர் எச்டி சேனல்கள் 1080ஐ வகையில், அதாவது ஒரு வரி விட்டு ஒரு வரியாகத்தான் வருகின்றன. அந்த வரிகளைச் சேர்த்துக் கோர்க்கும் வேலையைப் பாக்ஸ் செய்யலாம், டிவியும் செய்யலாம். என் டிவி அதை நன்றாகச் செய்கிறது, அதனால் 1080ஐ-யிலேயே விட்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் எது நல்லது என்று பார்க்க, செய்திச் சேனலின் அடியில் ஓடும் எழுத்தைக் கவனியுங்கள். ஓடும்போது எழுத்தின் ஓரம் சீப்புப் பல் போலத் தெரிந்தால் இன்னொன்றுக்கு மாற்றிப் பாருங்கள்.

டிவி பக்கமும் இரண்டு வேலை செய்தேன். புது டிவிகள் பல, படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டி, மீதியை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். அதிலேயே கூர்மை போய்விடும். ஜஸ்ட் ஸ்கேன், ஸ்கிரீன் ஃபிட், ஃபுல் பிக்சல் என்று ஒவ்வொரு டிவியிலும் ஒவ்வொரு பெயரில் அதற்கான தேர்வு இருக்கும். அதைப் போட்டதும் படம் இன்னும் ஒரு படி தெளிந்தது. இரண்டாவது ஷார்ப்னெஸ். ஏற்றினால் நல்லது என்று நினைத்து முழுக்க ஏற்றி வைத்திருந்தேன். அது இல்லாத விவரத்தைக் கொண்டு வராது, முகத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு போடும், அவ்வளவுதான். குறைத்த பிறகு முகம் முகமாகத் தெரிந்தது.

இவ்வளவும் செய்து முடித்து ஒரு மாதம் ஆகியிருக்கும். மாலையில் வேலையிலிருந்து வந்தபோது அம்மா சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார், படம் மறுபடியும் மங்கல். செட்டிங்ஸெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அம்மா அழுத்தியது பழைய சேனல் எண். விரலுக்குப் பழகிய எண், எஸ்டி எண். எச்டிக்குத் தனி எண். அந்த வருடம் பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதுக் கட்டண முறை வந்த பிறகு, வேண்டிய சேனலை நாமே தேர்ந்தெடுத்துப் பணம் கட்டும் நிலை. இரண்டுக்கும் சேர்த்துப் பணம் போய்க்கொண்டிருந்தது, பார்த்ததோ எஸ்டியை மட்டும். பார்க்கும் ஒன்பது சேனலின் எச்டி எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி ரிமோட் வைக்கும் இடத்தில் ஒட்டினேன். இரட்டையாக இருந்த எஸ்டி சேனல்களைப் பேக்கிலிருந்து எடுத்துவிட்டேன். மறுநாள் அம்மா, "சேலை ஜரிகைகூட தனியாத் தெரியுது பாரு" என்றார்.

அப்புறம் இரண்டு வருடம் நிம்மதியாக ஓடியது.

2021 ஐப்பசியில் படம் உடைய ஆரம்பித்தது. இது நிஜமான சிக்னல் கோளாறு. நாங்கள் இருப்பது தூத்துக்குடியில், உப்பளத்துக்குப் பக்கம். இங்கே இரும்பு எதுவும் நாள் பட நிற்காது. இந்தத் தடவை யாரையும் கூப்பிடும் முன் ஒரு நோட்டில் எழுதினேன்: எந்தச் சேனல் உடைகிறது, எது உடையவில்லை. ஒரு வாரத்தில் தெளிவாகத் தெரிந்தது. ஏறக்குறைய பாதிச் சேனல்கள் எப்போதும் நன்றாக வந்தன, மீதிப் பாதி மட்டும் கெட்டது. மழை இல்லாத நேரத்திலும் அதே பாதிதான்.

குடையின் முன்னால் இருந்து சிக்னலை வாங்கும் உறுப்புதான் எல்என்பி. சிக்னல் இறங்கி வரும் அதே ஒயர் வழியாகப் பாக்ஸ் அதற்கு மின்சாரமும் அனுப்புகிறது. 13 வோல்ட் போனால் எல்என்பி செங்குத்து அலைகளை எடுக்கும், 18 வோல்ட் போனால் கிடைமட்ட அலைகளை எடுக்கும். சேனல்கள் இந்த இரண்டிலும் பிரிந்து கிடக்கின்றன. ஒயரிலோ கனெக்டரிலோ துரு இருந்தால் 18 வோல்ட் முழுதாகப் போய்ச் சேராது, ஒரு பாதிச் சேனல் மட்டும் தள்ளாடும். குடை திசை மாறியிருந்தால் பொதுவாக எல்லாமே சேர்ந்து கெடும்.

மாடிக்குப் போய் எல்என்பியில் இருந்த கனெக்டரைத் திருகி எடுத்தேன். உள்ளே இருந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் கையில் விழுந்தது. நடுக்கம்பி பச்சையும் கறுப்புமாகப் பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. சுற்றியிருக்கும் வலைக் கம்பியை இழுத்தால் நூல் போல அறுந்து வந்தது. கைப்பிடிச் சுவர் ஓரத்தில் இன்னொன்றும் கண்டுபிடித்தேன். குடையை இடம் மாற்றியபோது ஒயர் எட்டாமல், இரண்டு துண்டை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றி விட்டிருந்தார்கள். வேண்டாத இடமாற்றம், அதனால் வந்த ஒட்டு. இது எனக்கு ரொம்பவே வலித்தது.

மாடியில் ஓடும் ஒயரை முழுக்க மாற்றினேன். ஆர்ஜி-6 என்ற டிஷ் ஒயர், உள்கம்பி முழுச் செம்பாகக் கேட்டு வாங்கினேன். மலிவான ஒயரில் இரும்புக் கம்பி மேல் செம்புப் பூச்சுதான் இருக்கும். சிக்னலுக்கு அது போதும், 18 வோல்ட்டைத் தூரம் கொண்டுபோகச் செம்புதான் நல்லது, உப்புக் காற்றுக்கும் அதுதான் தாங்கும். இரண்டு முனையிலும் அழுத்திப் பிடிக்கும் வகைக் கனெக்டர் போட்டு, இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றினேன். எல்என்பிக்குக் கீழே ஒயரை ஒரு வளைவாகத் தொங்க விட்டேன். மழைத் தண்ணீர் ஒயர் வழியே ஓடி வந்தாலும் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், கனெக்டருக்கோ வீட்டுக்குள்ளோ போகாது. பாக்ஸின் சிக்னல் விவரத் திரையில் குவாலிட்டி, அதாவது சிக்னலின் சுத்தம், 45இலிருந்து 78க்கு ஏறியது. ஸ்ட்ரென்த், அதாவது சிக்னலின் பலம், முன்பும் 80தான், பின்பும் 80தான். வந்தவர்கள் "ஃபுல்லா இருக்கு" என்று காட்டியது இந்த ஸ்ட்ரென்த்தை. பார்க்க வேண்டியது குவாலிட்டியை.

பக்கத்து வீட்டு மாடி மறைக்கிறது என்று சொன்னார்களே, அதைச் சோதிக்க ஒரு வழி பின்னால் தெரிந்துகொண்டேன். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், முற்பகலில் சில நிமிடம் எல்லாச் சேனலும் அறுந்துபோகும். சூரியன் அப்போது செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் நிற்கிறது. அது கோளாறு இல்லை, தானாகச் சரியாகிவிடும். ஆனால் அந்த நிமிடத்தில் மாடிக்குப் போய்க் குடையைப் பாருங்கள். வெயில் குடை முழுதும் விழுந்தால் செயற்கைக்கோளுக்கும் வழி திறந்திருக்கிறது. சுவர் நிழலோ மர நிழலோ விழுந்தால் அதுதான் மறைப்பு. எங்கள் குடையின் பழைய இடத்தில் நின்று பார்த்தேன், துளி நிழல் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் இந்தச் செயற்கைக்கோள்கள் தலைக்கு மேல் நல்ல உயரத்தில் இருக்கின்றன. ஒரு மாடி உயரச் சுவர் அவ்வளவு எளிதில் மறைத்துவிடாது.

ஆடிக் காற்றுக்கு முன் போல்ட்டுகளை வருடா வருடம் முடுக்குகிறேன். 60 செ.மீ. குடை ஒன்றிரண்டு டிகிரி நகர்ந்தாலே போதும், படம் போய்விடும். அதைவிடச் சின்ன நகர்வு என்றால் வெயில் நாளில் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும், முதல் தூறலில் காட்டிக் கொடுக்கும்.

2023 டிசம்பர் 17, 18 மழையை இங்கே யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. கரண்ட் வந்த பிறகு டிவியைப் போட்டால் ஒரு சேனலும் இல்லை. ஒயர், கனெக்டர் எல்லாம் காய்ந்து நன்றாகவே இருந்தன. எல்என்பியின் முன்பக்க பிளாஸ்டிக் மூடி வெயிலில் வெடித்து, உள்ளே தண்ணீர் போயிருந்தது. சில நூறு ரூபாய்ச் சாமான்தான். எந்த நிறுவன இணைப்பு என்று சொல்லி வாங்குங்கள், எல்லா எல்என்பியும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. பழையது எந்தக் கோணத்தில் சாய்ந்திருந்தது என்று மார்க்கரில் கோடு போட்டுவிட்டுக் கழற்றியதால் புதியதை அதே சாய்வில் மாட்ட முடிந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் நம்மால் சரிசெய்ய முடியாத ஒன்று உண்டு. ஒரே அலைவரிசைக்குள் பல சேனல்களை நெருக்கி அனுப்புகிறார்கள். அசையாமல் உட்கார்ந்து பேசும் காட்சிக்கு அது போதும். கிரிக்கெட், திருவிழாக் கூட்டம், மழைச் சண்டை மாதிரி திரை முழுக்க அசைந்தால் தகவலுக்கு இடம் பற்றாமல் நுணுக்கம் கரைந்துவிடும். அதே மேட்ச்சை ஃபைபர் இணையத்தில் செயலியில் பார்த்தால் புல் புல்லாகத் தெரிகிறது. எச்டி எண்ணில் வரும் பழைய படங்கள் பலவும் எஸ்டி பிரதியைப் பெரிதாக்கியவை. அதற்குக் குடையையோ டிவியையோ நோண்ட வேண்டாம்.

அதனால் இப்போது மேட்ச் மட்டும் இணையத்தில். செய்தி, சீரியல், பாட்டு எல்லாம் டிடிஎச்சில்தான். மழை நாளில் இணையம் போனாலும் இது பெரும்பாலும் ஓடுகிறது. போன வாரத் தூறலில் பார்த்தேன், குவாலிட்டி 71. பாக்ஸ் அப்டேட் ஆனால் அவுட்புட் 720பி-க்கு இறங்கிவிடுகிறது, இதுவரை இரண்டு தடவை நடந்தது. இரண்டு தடவையும் எனக்கு முன்னால் அம்மாதான் கண்டுபிடித்தார்.