உருளும் உருளைக் கணக்கு: விசை வழியா, ஆற்றல் வழியா?

காசிமேட்டில் படகு பழுதுபார்க்கும் பட்டறை வாசலில் மினி லாரி ஒன்று நிற்கிறது. அதிலிருந்து 60 கிலோ திண்ம இரும்பு உருளையைப் பலகை சாய்த்து உருட்டி இறக்க வேண்டும். பலகையின் நீளம் 2.4 மீட்டர், சாய்வு 30 டிகிரி, இறங்கும் உயரம் 1.2 மீட்டர். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொள்வோம். நழுவாமல் உருண்டால், கீழே வரும்போது வேகம் என்ன? (டீசல் பீப்பாயை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். உள்ளிருக்கும் டீசல் பீப்பாயோடு சேர்ந்து முழுமையாகச் சுழலாது, கணக்கே வேறாகிவிடும்.)

தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் மாலை வகுப்புக்கு வரும் பிளஸ் 1 பிள்ளைகளில் பலரும் இதற்கு ஆற்றல் சமன்பாட்டைத்தான் முதலில் எழுதுவார்கள். நிலை ஆற்றல் 720 ஜூல். திண்ம உருளை உருளும்போது அது இரண்டு பங்கு இடப்பெயர்ச்சிக்கும் (உருளை முழுதாகக் கீழ்நோக்கி நகர்வதற்கும்) ஒரு பங்கு சுழற்சிக்குமாகப் பிரியும்: 480, 240. வேகம் விநாடிக்கு 4 மீட்டர். மூன்றே வரியில் விடை வந்துவிடும். உராய்வு இருந்தும் ஆற்றல் குறையவில்லை. நழுவாத உருளலில் தொடுபுள்ளி அந்தக் கணத்தில் ஓய்வில் இருப்பதால் உராய்வு செய்யும் வேலை சுழி.

விசை வழி நீளமானது. விசைப்படம் (உருளைமேல் செயல்படும் விசைகளைக் காட்டும் படம்) வரைய வேண்டும், சாய்வின் திசையில் ஒரு சமன்பாடு, மையத்தைப் பற்றிய திருப்பு விசைக்கு (சுழலச் செய்யும் விளைவுக்கு) ஒரு சமன்பாடு, இரண்டையும் இணைக்க உருளல் நிபந்தனை (நகரும் வேகமும் சுழலும் வேகமும் பொருந்த வேண்டும் என்பது). முடுக்கம் 3.33 என்று வரும். வேகம் அதே 4. ஆனால் கூடவே உராய்வு விசை 100 நியூட்டன் என்பதும், இறங்க 1.2 விநாடி ஆகும் என்பதும் தெரிந்துவிடும். ஆற்றல் சமன்பாட்டில் உராய்வு விசையே கிடையாது.

தொடுபுள்ளியைப் பற்றித் திருப்பு விசை எழுதுவது மூன்றாவது வழி. உராய்வு அந்தப் புள்ளி வழியே செல்வதால் அதற்குத் திருப்பு விசை இல்லை. ஒரே சமன்பாட்டில் முடுக்கம் கிடைத்துவிடும். அழகான வழிதான், ஆனால் விசைப்படம் கைவந்தவர்களுக்கு மட்டுமே அதைச் சொல்லித் தருவேன்.

இந்த மூன்று வழிகளின் உண்மையான தரம் பலகை ஈரமானால் தெரியும். மீன் கழுவிய நீரும் எண்ணெயும் படிந்து உராய்வுக் குணகம் (உருளை பலகையை அழுத்தும் விசையில் எத்தனை பங்கு வரை உராய்வு எழலாம் என்ற எண்) 0.1 ஆகிவிட்டது என்போம். நழுவாமல் உருள 100 நியூட்டன் உராய்வு வேண்டும். பலகையால் தர முடிவது 52 நியூட்டன்தான். உருளை நழுவும். இதைக் கண்டுபிடிக்க விசைப்படத்தை விட்டால் வேறு வழியில்லை.

இங்கேதான் நல்ல மாணவர்களும் விழுகிறார்கள். 52-ஐப் பலகை நீளமான 2.4-ஆல் பெருக்கி, 125 ஜூல் வெப்பமாகப் போனது என்கிறார்கள். மீதி 595 ஜூலைப் பழையபடி இரண்டுக்கு ஒன்று எனப் பிரிக்கிறார்கள். வேகம் 3.64 என்று வருகிறது. இரண்டு படியும் தவறு. நழுவும்போது அந்த விகிதமே செல்லாது. வெப்பம் கணக்கிட எடுக்க வேண்டியது பலகை நீளம் அல்ல, தொடுபுள்ளி தேய்ந்து சென்ற தூரம். இங்கே அது சுமார் 1.39 மீட்டர்.

விசை வழியில் போனால் சிக்கலே இல்லை. சாய்வின் திசையில் 300, எதிரே 52, முடுக்கம் 4.13, வேகம் 4.45. உருண்டு வந்த வேகத்தைவிட இது அதிகம், ஏனெனில் சுழற்சிக்குப் போகும் பங்கு 240-லிருந்து 52 ஜூலாகக் குறைந்துவிட்டது. இடப்பெயர்ச்சிக்கு 595, சுழற்சிக்கு 52, வெப்பத்துக்குச் சுமார் 72; கூட்டினால் 720-ஐ ஒட்டி வரும். ஆற்றல் வழியை நான் பெரிதும் மதிப்பது இந்த இடத்தில்தான்: விசை வழியில் கிடைத்த விடையை அது ஈவிரக்கமின்றிச் சோதித்துவிடும்.

ஆகவே பிளஸ் 1 தொடங்கும் பிள்ளைக்கு என் பரிந்துரை விசை வழியே. நீட், ஜேஇஇ போன்ற தேர்வுகளில் 'நழுவாமல் உருள்கிறது' என்று வினாவிலேயே சொல்லி, வேகத்தை மட்டும் கேட்டால், தயங்காமல் ஆற்றலைப் பிடிக்கலாம். நேரமோ உராய்வோ கேட்டால் விசைப்படம். உராய்வுக் குணகம் கொடுத்துவிட்டு நழுவுமா என்பதைப் பற்றி வினா வாய் திறக்கவில்லை என்றால், தேவையான உராய்வை முதலில் கணக்கிட்டுப் பார்க்காமல் ஆற்றல் சமன்பாட்டில் கை வைக்கக் கூடாது.